பிரிக்காத சாம்பிராணிப் பொட்டலம்

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவன் நான். பெயர் ஞானசேகர், வயது அறுபத்தொன்று. எனக்கு வாய் நீளம் என்று என் மனைவி அடைக்கலமேரி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொன்னது சரிதான் என்று எனக்கு உறைத்தது ஷரபுன்னிசா விஷயத்தில்தான். அந்தப் பெண்ணைப் பற்றி இந்த ஊரில் வேறு யாரும் நாலு வார்த்தை எழுதப்போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் கடையில் மற்ற சரக்கெல்லாம் சீக்காளிகளுக்கு. சாம்பிராணி மட்டும் ஊருக்கே பொது. வியாழன் சாயங்காலம் தொடங்கினால் வெள்ளி மதியம் வரை அதற்குத்தான் கூட்டம். சென்னையிலிருந்து வருஷத்துக்கு ஒருதரம் வந்து கொத்தமங்கலத்து வீட்டைத் திறக்கிற விசாலி ஆச்சி, முன்னோர் படைப்புக்கென்று அரைக் கிலோ வாங்குவார். பாதி படைப்புக்கு, பாதி வௌவால் நாற்றத்துக்கு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எங்கள் பங்குக் கோயிலுக்குக் குந்திரிக்கம் போகும். கல்லாவுக்குக் கண் படக்கூடாது என்று ஜவுளிக்கடைக்காரர்கள் வாங்குவார்கள். பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து வருகிறவர்கள் பால் சாம்பிராணிதான் வேண்டும், பிசின் கலந்ததைத் தலையில் கட்டிவிடாதீர்கள் என்று என்னிடமே எச்சரித்து வாங்கிப் போவார்கள். எங்கேயோ சுமத்ராவில் ஒரு மரத்தைக் கீறிவிடுகிறான், அதில் வடிகிற பால் இறுகிக் கட்டியாகிறது. அது இங்கே வந்து எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் எல்லார் வீட்டிலும் புகைகிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசுவார்கள். புகை பார்க்காதுதான். மனுஷன் மூக்கு பார்க்கும்.

வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில், கடை திறந்த கையோடு ஷரபுன்னிசா வந்து நின்றால், பள்ளிவாசல் பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண் இறந்துவிட்டாள் என்று அர்த்தம். யார் என்று நான் கேட்க மாட்டேன். அவளும் சொல்ல மாட்டாள். "அம்பது கிராம் குடுங்கண்ணே" என்பாள். கொடுத்ததும் ஒரு துணுக்கைக் கிள்ளி, வாசலில் நான் வைத்திருக்கிற கரித்தட்டில் போட்டுப் பார்ப்பாள். நல்ல சரக்கு வெள்ளையாகப் புகைந்து மேலே போகும். கலப்படம் என்றால் கறுப்பாகச் சுழன்று கண்ணைக் கரிக்கும். கரித்தால் பொட்டலத்தை அப்படியே திருப்பி வைத்துவிடுவாள்.

"அவுகளுக்குக் கண்ணு கரிக்காதுன்னு கண்டதையும் வாங்கிட்டுப் போக முடியுமாண்ணே?" என்று ஒருதடவை கேட்டாள். அவுக என்றால் செத்துப்போனவர்கள்.

ஊரில் மவுத்தாகிற முஸ்லிம் பெண்களைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்துகிற வேலையை அவள் பதினெட்டு வருஷமாகச் செய்துவந்தாள். அதற்காக யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வீட்டில் நைட்டி தைத்தாள். அவள் வீட்டுக்காரர் கலீல் ரகுமான் குவைத்தில் லாரி ஓட்டினார். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மகள் ஃபாயிஸாவுக்கு அப்போது மூன்று வயது. நிசாவுக்குக் கிடைத்தது ஒரு போன் மட்டும்தான். கூட வேலை பார்த்த யாரோ ஒரு மலையாளி போனில் சொன்னாராம், நாங்கள் அவரை நன்றாகக் குளிப்பாட்டினோம், நன்றாக வாசம் போட்டோம், கவலைப்படாதீர்கள் என்று. அந்த ஆள் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

"யாரோ பெத்த புள்ள, என் மாப்பிள்ளைய அத்தனை பதமாத் தொட்டுக் கழுவியிருக்கான். அவனுக்கு நான் என்னத்தண்ணே திருப்பிச் செய்யிறது? இங்குட்டு யாருக்காச்சும் செய்வோம்னு தோணுச்சு" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை.

குளிப்பாட்டுகிற இடத்துக்கு ஆண்கள் போக முடியாது. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இலந்தை இலை போட்டுக் காய்ச்சின தண்ணீர். கடைசித் தண்ணீரில் கற்பூரம். கபனுக்கு ஐந்து துண்டுத் துணி. அதை விரிப்பதற்கு முன்னால் மூன்று தரம் சாம்பிராணிப் புகை காட்ட வேண்டும். தொழும்போது தரையில் படுகிற நெற்றி, மூக்கு, உள்ளங்கை, முழங்கால், பாதம் எல்லாவற்றிலும் கற்பூரம் தடவ வேண்டும். முடியைப் பின்னிப் போட வேண்டும். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் தலைவாரிவிட ஆள் இல்லாத கிழவிகளுக்குக்கூட அவள் சிக்கெடுத்துச் சடை போட்டு அனுப்பியிருக்கிறாள்.

இதெல்லாம் புண்ணியமான வேலை என்று மார்க்கத்தில் இருக்கிறது. எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பிரசங்கத்தில் ஹஜரத் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் கல்யாண வீட்டில் நிசா நுழைந்தால் பக்கத்து நாற்காலி காலியாகும். ஒரு குழந்தையைத் தூக்கக் கை நீட்டினால் குழந்தையின் அம்மாவுக்கு அந்த நேரம் பார்த்து வேறு வேலை வந்துவிடும். "நிசா வந்தாலே மையத்து வாசம்" என்பார்கள். மையத்து என்றால் பிணம். அது என் கடைச் சாம்பிராணி வாசம். அதே டப்பாவில் இருந்துதான் அந்த வீட்டுக்காரர்களும் வாங்கிப் போயிருப்பார்கள். எங்கள் சாமியார் காலையில் சவப்பெட்டியைச் சுற்றித் தூபம் காட்டுகிறார், சாயங்காலம் அதே தூபக்கிண்ணத்தை ஆட்டிக்கொண்டு பீடத்துக்குப் போகிறார். ஃபாதர்மேல் பிண வாடை அடிக்கிறது என்று எவனாவது சொல்வானா? அவருக்கு ஒரு நியாயம், நிசாவுக்கு ஒரு நியாயம்.

இதில் அதிகம் வெந்துபோனது ஃபாயிஸாதான். ஆறாம் வகுப்பில் இருந்தபோது, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு அம்மா முடிக்குப் புகை காட்ட, அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்க நன்னி மவுத்தான அன்னைக்கு இதே வாசம்தான்" என்று சொல்லிவிட்டு பெஞ்சு மாறி உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்த ஃபாயிஸா சோப்புப் போட்டு மூன்று தரம் தலையை அலசினாளாம். அன்றிலிருந்து அம்மா தன் தலையைத் தொடவே கூடாது என்றுவிட்டாள். வீட்டில் சாம்பிராணியே பற்றவைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை அந்தத் தெருவே புகைந்து கொண்டிருக்கும். நிசா வீடு மட்டும் சும்மா இருக்கும்.

கடைக்கு வந்தால் நிசா அதையேதான் சொல்வாள். வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஒரே ஒரு வெள்ளிக்கெழம அவ எனக்கு முன்னாடி முடிய விரிச்சுப் போட்டு உக்காந்தாப் போதும்ணே. ஊரு மகளுகளுக்கெல்லாம் பாத்தாச்சு. எம் மகளுக்கு ஒரு தடவ பாத்துட்டா நான் நிம்மதியா இருப்பேன்." பேசும்போது விரல்கள் காற்றில் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும்.

ஃபாயிஸா பி.காம். முடித்தாள். மூக்கும் முழியுமாக, கெட்டிக்காரப் பெண். அவளுக்குப் புதுவயலிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. பையன் சல்மான், கத்தாரில் ஏசி மெக்கானிக். குணமான பையன். பையனின் அப்பா அபுதாஹிர் புதுவயலில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். தரகர், பெண்ணுடைய அம்மா தையல் வேலை செய்கிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மற்றதை விழுங்கிவிட்டார்.

பெண் எடுப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்துக் கடையில் விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம். சொந்தக்காரன் பூசி மெழுகுவான், பக்கத்து வீட்டுக்காரன் பொறாமையில் கெடுப்பான், கடைக்காரன்தான் உள்ளதைச் சொல்வான் என்று ஒரு நம்பிக்கை. அபுதாஹிரும் அப்படித்தான் என் கடைக்கு வந்தார். திரிபலா சூரணம் நூறு கிராம் கேட்டார். அதைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, "கலீல் ரகுமான் வீடு எப்படிண்ணே? நல்ல மாதிரியா?" என்றார்.

நான் டீ சொல்லி உட்காரவைத்தேன். நிசாவுக்கு நல்லது செய்கிற நேரம் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டினேன்.

"நல்ல மாதிரியான்னா கேக்குறீக பாய்? இந்த ஊர்ல அந்தம்மா மாதிரி ஒரு மனுஷியப் பாக்க முடியாது. பதினெட்டு வருசமா எந்தப் பொம்பள மையத்தும் அந்தம்மா கை படாமப் போனதில்ல. ஒரு பைசா வாங்குனதில்ல. சொந்த மகளுககூடத் தொடப் பயப்படுற ஒடம்பையெல்லாம் கூசாமத் தொட்டுக் கழுவும். சாம்பிராணிய மட்டும் அந்தம்மா கிட்ட ஏமாத்தி வித்துர முடியாது, ஆமா!"

அபுதாஹிர் டீயைப் பாதியில் கீழே வைத்தார். "அப்படியா" என்றார். சூரணத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டார். நான் அவர் பின்னாலேயே ஓடிப்போய், "பாய், பொட்டலம்!" என்று கொடுத்துவிட்டு வந்தேன். அந்த அளவுக்குச் சந்தோஷம் எனக்கு.

சாப்பிடும்போது அடைக்கலமேரியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "பொண்ணு பாக்க வந்தவருக்கிட்ட பொணத்தப் பத்தியா பேசுனீக? ஒங்களுக்கு என்ன புத்தி கித்தி இருக்கா?" என்றாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். சாம்பிராணி என்று என்னை அவள் திட்டுவதுண்டு. அன்றைக்குத் திட்டவில்லை. அதிலிருந்தே தெரிந்துகொண்டேன், விஷயம் பெரிது என்று.

ஒரு வாரம் கழித்து நிசா வந்தாள். கையில் துணி சுற்றிய ஒரு சாமான். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், ஆனால் மாப்பிள்ளையின் அம்மா ரிஸ்வானா ஒரு பேச்சு வைத்திருக்கிறாளாம். சம்பந்தி ஆகிற பெண்பிள்ளை இனிமேல் எந்த மையத்துக்கும் போகக் கூடாது. நாளைக்குப் பிள்ளை குட்டி நடமாடப்போகிற வீடு. சம்மதம் என்றால் நிச்சயம், இல்லையென்றால் வேறு இடம்.

"யாரோ அவுக காதுல போட்டுட்டாகண்ணே" என்றாள்.

யாரோ. நான் கடுக்காயை எடுத்து எடுத்துத் தராசில் வைத்துக்கொண்டிருந்தேன். வாங்க ஆளே இல்லை. நான்தான் சொன்னேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நீளமான வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

"நீ என்னம்மா சொன்ன?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? சரின்னுட்டேன். ஃபாயிஸா ராத்திரியெல்லாம் அழுதுட்டா. 'ஒன்னால எனக்கு எதுவுமே நல்லது நடக்காதாம்மா'ன்னு கேட்டுட்டாண்ணே." துணியை விலக்கினாள். பித்தளைத் தூபக்கால். கைப்பிடி தேய்ந்து பளபளவென்று இருந்தது. "இது வீட்டுல இருந்தா பேச்சு வரும். ஒங்க கடையில ஒரு ஓரமாக் கெடக்கட்டும்."

மேல் தட்டில், அதிமதுரத் தகர டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த மாசத்திலேயே அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, சமூசா விற்கிற ஒரு வயசான அம்மா இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து, தெரிந்தும் தெரியாமலும் குளிப்பாட்டினார்கள். நிசா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாளாம். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீரை மொத்தமாக ஊற்றுகிற சத்தம் கேட்டதாம். "அப்படி ஊத்தக் கூடாதுண்ணே. வலது பக்கமா கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். ஒரு குரல் குடுத்திருக்கலாம். குடுக்கல" என்று என்னிடம் வந்து சொன்னாள். முடி வாரினார்களா என்று யாரிடமோ கேட்டிருக்கிறாள். இல்லை, அப்படியே சுற்றிவிட்டோம் என்றார்களாம். அதைச் சொல்லும்போதுதான் நிசா அழுது நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. அடைக்கலமேரியும் நானும் போயிருந்தோம். மணப்பெண்ணைக் குளிப்பாட்டி முடிக்குப் புகை போட்டது மாப்பிள்ளையின் அத்தை. நிசா பந்தி பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கமே நின்றாள். பிரியாணி தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். பொய் எதற்கு, இரண்டு தட்டு சாப்பிட்டேன். வெட்கம் அப்புறம்தான் வந்தது.

அதற்குப் பிறகு பதினான்கு மாசம் அவள் எந்த மவுத்துக்கும் போகவில்லை. தேடி வந்தவர்களிடம் கை வலி என்று சொல்லி அனுப்பினாள். என் கடைக்கும் வருவது குறைந்தது. ஃபாயிஸா உண்டாகியிருக்கிறாள் என்று சொல்ல ஒருநாள் வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. நாற்பது நாள் மகள் தன் வீட்டில் இருப்பாள், பிள்ளை பெற்ற உடம்புக்குப் புகை காட்டாமல் முடியுமா, இந்தத் தடவை அவள் தலையைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. நான் கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன், அபுதாஹிர் பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வருகிறார். அவர் பின்னால் ஆட்டோவில் நிசா.

விஷயம் இதுதான். அபுதாஹிரின் அம்மா இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. முதுகெல்லாம் புண். விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். குளிப்பாட்ட வந்த இரண்டு பெண்கள் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். தேவகோட்டையில் சொல்லிப் பார்த்தும் ஆள் இல்லை. மதியத் தொழுகைக்கு முன்னால் எடுத்தாக வேண்டும். ரிஸ்வானாதான், "போயி நிசாவக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "பாய், நீங்க வச்ச பேச்சு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணே, எங்கம்மா நாறிக் கெடக்காக" என்றார்.

நிசாதான், "மையத்தக் காக்க வைக்கக் கூடாதுண்ணே. தூபக்கால எறக்குங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். ஐம்பது கிராம் போதாது, நூறாகக் கொடுங்கள் என்றாள். வழக்கம்போலக் கிள்ளிக் கரித்தட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இரண்டு மணி நேரம் ஆனதாம். புண் ஒவ்வொன்றையும் பஞ்சால் ஒற்றி, துணி வைத்துக் கட்டி, தண்ணீர் வேகமாக விழாமல் உள்ளங்கையில் ஏந்தி ஏந்தி விட்டிருக்கிறாள். வீட்டில் யாரும் உள்ளே நிற்க முடியவில்லை. புகை எழும்பின பிறகுதான் ஆட்கள் முற்றத்துக்குள் வந்தார்கள். பின்னால் ஒருநாள் அபுதாஹிரே என்னிடம் சொன்னார்: "தூங்குற மாதிரி இருந்தாகண்ணே எங்கம்மா. தலைய அழகாப் பின்னி விட்டிருந்தாக. கையெடுத்துக் கும்புடலாம் போல இருந்துச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. மனுஷன் கெட்டவர் இல்லை.

ஆனால் அன்றைக்கு வேலை முடிந்ததும் ரிஸ்வானா ஒரு வாளித் தண்ணீரைக் கொல்லைப்புறத்தில் வைத்து, "இங்கனயே குளிச்சிட்டு, பின் வாசல் வழியாப் போயிருங்க. புள்ளத்தாச்சி கண்ணுல பட வேணாம்" என்றிருக்கிறாள். ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சியான ஃபாயிஸா மாடி ஜன்னலில் நின்றிருக்கிறாள். நிசா நிமிர்ந்து பார்த்தாளாம். ஜன்னல் சாத்திக்கொண்டதாம். ஈரச் சேலையோடு பஸ் ஏறி வந்து, தூபக்காலைக் கழுவித் துடைத்து மறுபடி என் கடையிலேயே வைத்துவிட்டுப் போனாள். பேச்சு பேச்சுதானாம்.

அந்தப் பேச்சைக் காப்பாற்ற வேண்டியவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு ஃபாயிஸாவை அனுப்பவில்லை. ஆஸ்பத்திரி பக்கம், மாடி வீடு, ஏசி என்று என்னென்னவோ காரணம் சொன்னார்கள். பெண் குழந்தை பிறந்தது. நிசா போய் ஆஸ்பத்திரியில் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள். நாற்பதாம் நாள் குளிப்பாட்டும்போது வரச் சொன்னார்கள் என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாற்பதாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் வந்தாள். புதுச்சேலை. கையில் குழந்தைக்கு அவளே தைத்த ஜிப்பா.

"அண்ணே, இருக்குறதுலயே நல்ல பால் சாம்பிராணி நூறு கிராம். எம் மகளுக்கு" என்றாள்.

உள்ளறையில் நான் தனியாக எடுத்துவைக்கிற சரக்கு ஒன்று உண்டு. வாதாம் பருப்பு மாதிரி வெள்ளை வெள்ளையாக உள்ளே தெரியும். அதைப் பொட்டலம் கட்டினேன். கிள்ளிப் பார்க்கச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அன்றைக்கு மட்டும்தான் அவள் சோதித்துப் பார்க்கவில்லை. தூபக்கால் வேண்டுமா என்றேன். "அது எதுக்கு? அங்க புதுசு வச்சிருப்பாக" என்று சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் நாலரைக்குத் திரும்பி வந்தாள். பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். நான் கட்டின சணல் முடிச்சு அப்படியே இருந்தது.

"என்னம்மா?" என்றேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். குளிப்பாட்டி முடித்து ஃபாயிஸாவைக் கட்டிலில் சாய்த்து, முடியைக் கீழே தொங்கவிட்டிருக்கிறார்கள். தணல் தயாராக இருந்திருக்கிறது. நிசா பொட்டலத்தைப் பிரிக்கப் போயிருக்கிறாள். ரிஸ்வானா, "நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றாளாம். நிசா பரவாயில்லை என்று தணலுக்குப் பக்கத்தில் போயிருக்கிறாள்.

"அப்பத்தான்ணே ஃபாயிஸா எந்திரிச்சு உக்காந்தா. புள்ளைய அங்குட்டு நகத்திக்கிட்டு, 'வேணாம்மா. ராதியக் கழுவுன கை. எனக்குப் பயமா இருக்கு'ன்னா."

ராதி என்றது மாப்பிள்ளையின் பாட்டியை. அந்த வீட்டுக் கிழவியை. அந்த வீட்டுக்காரர்களே வந்து கூட்டிப்போய்க் கழுவச் சொன்ன கிழவியை. என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ரிஸ்வானாவைத் திட்டினேன், அபுதாஹிரைத் திட்டினேன், அந்தப் பெண்ணையும் திட்டினேன்.

"அவள வையாதீக. சின்னப் புள்ளையில பட்டது" என்றாள் நிசா.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "நிசா, அன்னைக்கு அபுதாஹிர் பாய்கிட்ட ஒன்னப் பத்திச் சொன்னது நான்தாம்மா. என் வாய்தான் ஒன் குடியக் கெடுத்துச்சு" என்றேன். இரண்டு வருஷம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்தது. அவள் என்னை நாலு வார்த்தை திட்டுவாள், திட்டட்டும் என்று நின்றேன்.

"தெரியும்ணே" என்றாள். "அவுகளே நிச்சயத்தன்னைக்குச் சொன்னாக, மருந்துக்கடைக்காரரு ஒங்களப் பத்தி அப்படிப் பேசுனாருன்னு. நீங்க பெருமையாத்தானே சொல்லியிருக்கீக. இந்த ஊர்ல என்னைய நாலு பேருக்கிட்டப் பெருமையாச் சொன்னது நீங்க ஒரு ஆளுதான்."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் இன்றைக்குக் கொஞ்சம் நன்றாகத் தூங்குவேன்.

எழுந்தாள். "அந்தத் தூபக்கால எடுத்துக் குடுங்க. இனிமே எனக்கு என்ன பேச்சு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பொட்டலத்தை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

"இது இங்கனயே இருக்கட்டும்ணே. என் மவுத்துக்கு."

"சும்மா இரு. அம்பது வயசுல பேசுற பேச்சா இது?" என்றேன்.

"பெத்தவளக் குளிப்பாட்டுறது மொதல்ல மகளுக்குத்தாண்ணே பாத்தியம். எத்தனையோ மகளுக பயந்து அழுதுக்கிட்டே வருவாக. நான் கையப் புடிச்சு மொதத் தண்ணிய ஊத்த வைப்பேன். ஊத்துனப்பறம் பயம் போயிரும். அப்பறம் அவுகளே தலைய வாரி விடுவாக, புகை காட்டுவாக. என் ஃபாயிஸாவும் அன்னைக்கு வருவா. வந்துதானே ஆகணும்." சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். "அவ கைய அன்னைக்குப் புடிச்சுவிட ஒரு ஆளு இருந்தாப் போதும்."

நிசா மறுபடி மவுத்து வீடுகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். இந்த மாசம் மட்டும் இரண்டு தரம் வந்து ஐம்பது கிராம் வாங்கினாள். இரண்டு தரமும் கிள்ளிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

அந்தப் பொட்டலத்தின் மேல் ஃபாயிஸா என்று பேனாவால் எழுதி, மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். நான் முந்திக்கொண்டு போய்விட்டால், அதை வேறு யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று அடைக்கலமேரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.